ஹோம் தியேட்டர்: பாட்டு கேட்குது, பேச்சு எங்கே போச்சு?

ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். "சண்டை சீன்ல ஜன்னல் கண்ணாடி அதிருது சார், பாட்டு பிரமாதமா இருக்கு, ஆனா பேசறது மட்டும் புரியல." ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள். வசனம் வந்தால் கூட்டு, பாட்டு வந்தால் குறை. செட் சரியில்லை என்று முடிவுகட்டி இன்னும் பெரிய செட் பார்க்கக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. நான் நண்பர்கள், உறவினர்கள் வீட்டில் இதுவரை பார்த்ததில் ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்தது ஒன்றிரண்டு இடத்தில்தான். மற்றதெல்லாம் வயரிலும் செட்டிங்கிலும் இருந்த கோளாறு. காசு செலவில்லாமல் சரியாகக்கூடியவை. ஒரே ஒரு கோளாறு மட்டும் உயிருக்கு ஆபத்தானது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதலில் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு சரவுண்ட், ஆக ஐந்து. அந்தப் புள்ளி ஒன்று என்பது சப் ஊஃபருக்கான தனித்தடம். அது முழு ஒலியைச் சுமப்பதில்லை, சுமார் 120 ஹெர்ட்ஸ் வரையிலான அடித்தொண்டைச் சத்தம் மட்டும்தான், அதனால்தான் அதை முழு எண்ணாகக் கணக்கில் சேர்க்காமல் புள்ளி ஒன்று என்கிறார்கள். படத்தின் வசனம் ஏறக்குறைய முழுவதும் சென்டரில்தான் இருக்கும்.

ஏன் நடுவில் ஒன்று? இரண்டு காதுக்கு இரண்டு ஸ்பீக்கர் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் ரொம்பப் பழசு. 1933 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார் ஒரு சோதனை நடத்திக் காட்டினார்கள். பிலடெல்பியாவில் இசைக்குழு வாசிக்கிறது, கம்பி வழியே அது வாஷிங்டன் அரங்கத்தில் ஒலிக்கிறது. குழுவின் புகழ்பெற்ற நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி பிலடெல்பியாவில் இல்லை. வாஷிங்டனில் கண்ட்ரோல் பலகை முன்னால் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மூன்று மைக், இந்தப் பக்கம் மூன்று ஸ்பீக்கர் தொகுதி. இடது, நடு, வலது. இரண்டே ஸ்பீக்கர் இருந்தால் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் பாட்டு நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஓரத்தில் இருப்பவருக்கு எல்லாமே பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருகிற மாதிரிதான் இருக்கும். காதுக்கு முதலில் வந்து சேரும் சத்தம் எந்தத் திசையோ, மூளை அந்தத் திசையையே எடுத்துக்கொள்கிறது. இதை 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் ஆய்வேட்டில் அளந்து காட்டினார், அவர் பெயரிலேயே ஹாஸ் விளைவு என்கிறார்கள். சினிமாத் தியேட்டரில் திரை முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை இருப்பதும், அதற்குப் பின்னால் சென்டர் ஸ்பீக்கர் ஒளிந்திருப்பதும் இதற்காகத்தான். ஓரத்து நாற்காலிக்காரருக்கும் பேச்சு கதாநாயகன் வாயிலிருந்து வரவேண்டாமா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். முதல் கோளாறு: சென்டர் ஸ்பீக்கர் இல்லவே இல்லை, அல்லது வயர் கழன்று கிடக்கிறது, ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு வசனத்தைப் பிரித்தெடுத்து ஆளில்லாத சென்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நமக்குக் கிடைப்பது இசையும் மிச்சமும் மட்டும். ஸ்பீக்கர் செட்டப் மெனுவில் சென்டர் என்ற இடத்தில் "நோ" அல்லது "நன்" என்று வைத்துவிட்டால், அந்த வசனத்தை அது இடது வலது இரண்டுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடும். நம்ம ஊரில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர்கள் நிறைய. பின்பக்கம் ஆறு ஆர்சிஏ ஓட்டை இருக்கும். டிவிடி பிளேயரிலோ டீகோடர் பெட்டியிலோ இருந்து சிவப்பு, வெள்ளை இரண்டை மட்டும் குத்திவிட்டு, அந்தப் பெட்டியை 5.1 அவுட்புட்டிலேயே விட்டிருப்பார்கள். வசனம் மூன்றாவது ஓட்டையில் வந்துகொண்டிருக்கும், அங்கே வயரே இருக்காது. பெட்டியை ஸ்டீரியோ அல்லது டவுன்மிக்ஸ் என்று மாற்றினால் பேச்சு உடனே திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது கோளாறு எனக்கு ரொம்பப் பிடித்தது. போனையோ லேப்டாப்பையோ 3.5 மில்லிமீட்டர் பின் வழியாக ஆம்ப்ளிஃபையரில் கொடுத்திருப்பார்கள். வாத்தியமெல்லாம் கேட்கும், பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும், சில பாட்டில் சுத்தமாக இருக்காது. பின்னை இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்தினால் சரியாகிவிடும். ஏன்? அந்தப் பின்னில் இடது, வலது, பொதுவான கிரவுண்ட் என்று மூன்று தொடுமுனை உண்டு. கிரவுண்ட் மட்டும் தொடாமல் போனால் மின்சாரம் இடதில் புறப்பட்டு வலது வழியாகத்தான் திரும்ப முடியும். அப்போது நமக்குக் கேட்பது இடது கழித்தல் வலது. பாடகர் குரலை ஒலிப்பதிவில் நடுவில் வைப்பார்கள், அதாவது இடதிலும் வலதிலும் அச்சு அசலாக ஒரே அளவு. ஒன்றிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். பழைய கரோக்கே மெஷின்கள் பாட்டிலிருந்து குரலை நீக்கியதும் இதே கழித்தல் கணக்கில்தான். மைக் உள்ள ஹெட்போனுக்கான நாலு வளையப் பின்னை மூணு வளைய ஓட்டையில் குத்தினாலும் சில சமயம் இதே கூத்து நடக்கும்.

மூன்றாவது, ஸ்பீக்கர் வயர் மாறிப்போவது. சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் தலைகீழாக இருந்தால், ஒன்றின் கோன் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். அறைக்குள் இரண்டு சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். வயரில் கோடு, நிறம் எதுவும் இல்லாமல் குழம்பினால் ஒரு பென்டார்ச் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபையர் பக்கம் வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே குதித்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே போனால் மாற்றி. அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், தொட்டு எடுத்தால் போதும். கூடவே மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிடலாம். 8 ஓம் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 தான் காட்டும், அது கோளாறு இல்லை. பெட்டியில் போட்டிருப்பது ஏசி மின்தடை, மீட்டர் பார்ப்பது டிசி. எதுவுமே காட்டவில்லையென்றால் காயில் போய்விட்டது, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

டிவியிலிருந்து சத்தத்தை வெளியே எடுப்பதில் இப்போது மூன்று வழி. ஹெட்போன் ஓட்டை அல்லது சிவப்பு வெள்ளை ஆர்சிஏ: ஸ்டீரியோ மட்டும், அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. ஆப்டிகல்: 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது, வெளிச்சத்தில் போகிறது, ஸ்டீரியோ பிசிஎம் அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரை போகும். எச்டிஎம்ஐ ஆர்க்: 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது, படம் டிவிக்குள் போகும் அதே கேபிளில் சத்தம் திரும்பி வரும். இ-ஆர்க் என்பது அதன் பெரியண்ணன், சுருக்காத பல தட ஒலியையும் சுமக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓடிடி ஆப்களில் 5.1 என்று வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். இது ஆர்க் வழியாகப் போகும், ஆப்டிகலில் போகாது. டிவி நல்ல டிவியாக இருந்தால் அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் அனுப்பும். இல்லையென்றால் ஸ்டீரியோவாக்கி அனுப்பிவிடும், சில நேரம் ஒன்றுமே வராது. "ஆப்டிகல்ல யூடியூப் பாடுது, படம் மட்டும் ஊமையா ஓடுது" என்று யாராவது சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கணும். டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம், பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ என்றெல்லாம் இருக்கும். பிசிஎம் வைத்தால் எல்லாம் கேட்கும், ஆனால் ஆப்டிகலிலும் சாதாரண ஆர்க்கிலும் ஸ்டீரியோதான். 5.1 வேண்டுமென்றால் பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோ. ஆர்க் வேலை செய்யவில்லையென்றால் இரண்டு விஷயம் பார்க்கணும். கேபிள் ஆர்க் என்று எழுதியிருக்கும் ஓட்டையில்தான் இருக்கிறதா, எல்லா எச்டிஎம்ஐ ஓட்டையிலும் அது இருக்காது. அடுத்து சிஇசி ஆன் ஆகியிருக்கிறதா. இந்த சிஇசிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க். மெனுவில் சிஇசி என்றே தேடினால் கிடைக்காமல் போகலாம்.

எது கோளாறு என்றே தெரியாதபோது என்ன செய்வது? நாங்கள் புரோகிராமில் பிழை தேடும்போது செய்வதைத்தான். சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்ப்பது. படம் தரும் பெட்டி, டிவி, கேபிள், ஆம்ப்ளிஃபையர், வயர், ஸ்பீக்கர், இதுதான் சங்கிலி. இடது ஸ்பீக்கர் பாடவில்லை என்று வையுங்கள். ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிக் குத்துங்கள். இப்போதும் அதே இடது ஸ்பீக்கர்தான் ஊமை என்றால் கோளாறு வயரிலோ ஸ்பீக்கரிலோ. ஊமை வலது பக்கம் தாவிவிட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முன்னாலோ. வயர்களைப் பழையபடி வைத்துவிட்டு இன்புட் ஆர்சிஏ இரண்டை இடம் மாற்றினால் மறுபாதியும் இரண்டாகப் பிரியும். இரண்டே மாற்றத்தில் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும், அதுதான் விதி. ஒரே மூச்சில் வயரையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, டிவியையும் ரீசெட் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்.

இப்போது அந்த ஆபத்தான விஷயம். செட்டை ஆன் செய்தவுடன் பாட்டு இல்லாமலேயே "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்தச் சத்தமும் 50 ஹெர்ட்ஸ் அல்லது அதன் இரட்டிப்பான 100. எல்லா இன்புட் வயரையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் முனகினால் ஆம்ப்ளிஃபையருக்குள் பவர் சப்ளை ஃபில்டர் கண்டன்சர் வயசாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம், மெக்கானிக்கிடம் போகணும். வயரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால், ஒவ்வொன்றாகத் திரும்பக் குத்திப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி கேபிள் டிவி அல்லது டிஷ் ஆன்டெனாவின் கோஆக்சியல் வயர். மொட்டை மாடியிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் அந்த வயரின் வெளிச்சுற்று எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபையர் உங்கள் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு பூமிக்கும் இடையே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஆர்சிஏ வயரின் கிரவுண்ட் வழியாக ஓடி, பாட்டோடு பாட்டாக முனகுகிறது. கிரவுண்ட் லூப் என்பார்கள்.

இதற்கு எலக்ட்ரீஷியன்கள் சிலர் சொல்லும் வைத்தியம்: மூணு பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னைக் கழற்றிவிடு, அல்லது ரெண்டு பின் பிளக் போட்டுவிடு. முனகல் நின்றுவிடும், அதுதான் பிரச்சினையே. வேலை செய்கிற வைத்தியம் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. திருச்சியில் ஒரு நண்பர் வீட்டில் இப்படி எர்த்தைப் பிடுங்கிய ஆம்ப்ளிஃபையர் இரண்டு வருஷம் ஓடியது. பிறகு உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போய், 230 வோல்ட் அதன் இரும்புப் பெட்டிக்கே வந்துவிட்டது. எர்த் இருந்திருந்தால் அந்த நொடியே பெரிய கரண்ட் பூமிக்குப் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இல்லாததால் பெட்டி அமைதியாகப் பாடிக்கொண்டே இருந்தது. பெட்டியிலிருந்து ஆர்சிஏ கிரவுண்ட், அதிலிருந்து டிவியின் பின்பக்க உலோகம், பென்டிரைவ் குத்தும் ஓட்டை வரை மின்சாரம். பென்டிரைவ் குத்துவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை, அவருக்கு ஒன்பது வயசுப் பையன். செருப்புப் போட்டிருந்ததால் கை உதறியதோடு தப்பித்தான்.

சரியான வைத்தியம் வேறு. கோஆக்சியல் வயரில் கேல்வானிக் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன உருளை போடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவிலும் ஆன்லைனிலும் தேடலாம். டிஷ் ஆன்டெனா என்றால் மேலே போகும் மின்சாரத்தையும் விடுகிற வகைதானா என்று கேட்டு வாங்கணும். அல்லது டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே ஆப்டிகல் கேபிள். வெளிச்சத்தில் கரண்ட் ஓடாது, லூப் அங்கேயே அறுந்துவிடும். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே போர்டில் குத்துவதும் சில இடத்தில் உதவும். எல்லாவற்றுக்கும் முன்னால் சுவர் சாக்கெட்டில் எர்த் என்று இருக்கும் ஓட்டையில் நிஜமாகவே எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அதே வோல்ட் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கணும். பழைய வீடுகளில் அந்த ஓட்டை வெறும் அலங்காரம். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மெயின் போர்டில் இருந்தால் நிம்மதி.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொன்று. ரெண்டு பின் அடாப்டரில் ஓடும் செட்டாப் பாக்ஸின் உலோகத்தை வெறுங்காலோடு தொட்டால் லேசாக எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், டெஸ்டரும் மங்கலாக எரியும். மீட்டரில் நூறு சொச்சம் வோல்ட்கூடக் காட்டும். அது அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கண்டன்சர் வழியாகக் கசிவது, கரண்ட் மிகக் குறைவு. ஆனால் "சுரீர்" என்று இழுத்தால் அது கசிவு இல்லை. மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

வயர், வாட்ஸ் பற்றி நிறைய வியாபாரப் பேச்சு உண்டு, வேகமாகக் கடந்துவிடலாம். செட்டோடு வரும் நூல் மாதிரி வயர் சின்ன அறைக்குச் சரி. சரவுண்டுக்கு 10 மீட்டர் ஓடணும் என்றால் வீட்டு ஒயரிங்குக்கு வரும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும், போக வர 20 மீட்டருக்கும் கால் ஓம் கிட்டத்தான் தடை. அதையே 0.5-ல் இழுத்தால் முக்கால் ஓம் தாண்டும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பத்தில் ஒரு பங்கு. பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் பின்னால் திருப்பி அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 60 வாட்ஸ். உள்ளே போகாத மின்சாரம் வெளியே எப்படி வரும்?

வாயசைப்பும் சத்தமும் பொருந்தாமல் போவது இன்னொரு தொல்லை. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் சத்தம் ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விடும். சத்தம் சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும், ஆனால் 125 வரை பிந்தினால்தான் தெரியும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. வேட்டு வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு, இப்படியே பழகிய மூளை நமக்கு. ஆம்ப்ளிஃபையரில் ஆடியோ டிலே என்று இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சரிசெய்யலாம்.

கடைசியாகக் காது. எங்கம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. "என்னடா சொல்றான்?" என்று படத்தின் நடுவில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பசங்க முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்தினார்கள், பிறகு ஹாலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். வயதானால் காது முதலில் இழப்பது மேல் சுருதிகளை. பேச்சின் சத்தம் பெரும்பாலும் உயிரெழுத்தில், கீழ் சுருதியில் இருக்கிறது. ஆனால் சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டுவது மெய்யெழுத்து. கட்டு, கத்து, கப்பு மூன்றிலும் "அ", "உ" தான் உரக்கக் கேட்கும், நடுவில் வெடிக்கும் வல்லினம் ஒரு கண நேரச் சத்தம். பின்னணி இசையும் பேஸும் அதை மூடிவிட்டால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன என்று தெரியாது. மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடும், மூடியது மூடியதுதான்.

செய்தது இவ்வளவுதான். டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், கதவுக்குப் பின்னால் கிடந்த சென்டர் ஸ்பீக்கரை எடுத்து டிவிக்குக் கீழே விளிம்பை ஒட்டி வைத்து, காதைப் பார்த்து நிமிர்த்தினேன். சென்டர் லெவல் 3 டெசிபல் கூட்டல், சப் ஊஃபர் 4 டெசிபல் கழித்தல், சுவர் மூலையிலிருந்து அது இரண்டடி வெளியே. நைட் மோடு ஆன், இது உரத்த சத்தத்தை அமுக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கும். வால்யூம் முன்பு 38-ல் ஓடியது, இப்போது 26. அம்மாவைக் காது டாக்டரிடமும் அழைத்துப்போய் டெஸ்ட் எடுத்தோம், ஒரு காதுக்கு மெஷின் எழுதிக்கொடுத்திருக்கிறார். அது வந்ததும் சென்டரைத் திரும்ப ஒரு டெசிபல் குறைக்க வேண்டியிருக்கும்.